57ஆவது மருத்துவப் பிரிவு பற்றி ஒரு வரிகூட இல்லையே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர்கள் பற்றிப் போன ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் பென்சிலோடு படித்தேன். ராக்கெட் பூட்டிய ஹெலிகாப்டர் இருந்தது, கதவோரத்து இயந்திரத் துப்பாக்கி இருந்தது, கடைசியில் மொட்டை மாடி ஏணியில் ஜனங்கள் வரிசையாக ஏறி நிற்கும் அந்தப் பிரபலமான படமும் இருந்தது. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மாடி என்று படக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். அது தூதரகம் இல்லை. கியா லாங் தெருவில் 22ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு அது. 1975 ஏப்ரல் 29 அன்று ஹூபர்ட் வான் எஸ் என்ற டச்சுக்காரப் புகைப்படக்காரர் எடுத்தது. படத்தில் உள்ள ஹெலிகாப்டரும் ராணுவத்துடையது அல்ல, அமெரிக்க உளவுத்துறைக்காகப் பறந்த ஏர் அமெரிக்கா என்ற நிறுவனத்துடையது. இந்தத் தவறு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, உங்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை. திருத்திப் போட்டால் சந்தோஷப்படுவேன்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 1984இல் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, 22 வருடம் நர்சிங் அசிஸ்டென்டாக வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். லக்னோவில் பயிற்சியில் இருந்தபோது எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி ஆசிரியர், ஒரு நாள் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினார். 4.5, 2.5, 2.6. காயத்தோடு ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த அமெரிக்க வீரர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அதற்குப் பிறகு இறந்தார்கள் என்ற கணக்கு அது. முதல் எண் இரண்டாம் உலகப் போர், அடுத்தது கொரியா, மூன்றாவது வியட்நாம். எழுதிவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்து, "கொரியாவில் கொஞ்சம் ஹெலிகாப்டர், வியட்நாமில் ஏகப்பட்ட ஹெலிகாப்டர். அப்புறம் ஏன் கணக்கு குறையவில்லை?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "யோசித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டார். அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான், வியட்நாமில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டிய அமெரிக்க ராணுவத்தின் 57ஆவது மருத்துவப் பிரிவு பற்றித் தெரிந்துகொண்டேன். அப்புறம் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அந்த ஊர் ராணுவ நூலகத்தில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது வழக்கமாகிவிட்டது.

காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிவருவது வியட்நாமில் ஆரம்பித்ததில்லை. முதல் அடி நம் பக்கத்தில்தான் வைக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அமெரிக்க லெப்டினென்ட், சிகோர்ஸ்கி கம்பெனியின் ஒரு சின்ன ஹெலிகாப்டரில் பர்மாவுக்குள் பறந்தார். ஜப்பானியர் சூழ்ந்த காட்டில் ஒரு விமானியும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் மாட்டியிருந்தார்கள். அந்த இயந்திரம் விமானியைத் தவிர ஒரே ஓர் ஆளைத்தான் தூக்கும். வெயிலில் எஞ்சின் சூடேறித் தொல்லை கொடுத்தது. இரண்டு நாளில் ஒவ்வொருவராக நான்கு பேரையும் கொண்டுவந்து சேர்த்தார். கொரியாவில் வந்த ஹெலிகாப்டர்களும் சின்னவைதான். ஸ்ட்ரெச்சரை வெளியே, இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிடுவார்கள். நோயாளி குளிரில் வெளியே கிடப்பார், வழியில் ரத்தம் கசிந்தால் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. நோயாளியை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு மெடிக்கை, அதாவது மருத்துவ உதவியாளரை, உட்கார வைக்க இடம் தந்தது ஹியூயி என்ற ஹெலிகாப்டர்தான். உங்கள் கட்டுரை அதைப் போர் இயந்திரம் என்றே தொடங்கி அப்படியே முடிக்கிறது. 1955இல் பெல் கம்பெனியின் அந்த வடிவத்தை அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தபோது, காயம்பட்டவர்களை ஏற்றுவது அதன் முதல் தேவைகளில் ஒன்றாக இருந்தது. 1962 ஏப்ரலில் வியட்நாமில் முதலில் வந்திறங்கிய ஹியூயிகளும் ஆம்புலன்ஸ்களே. கொண்டுவந்தது 57ஆவது மருத்துவப் பிரிவு.

மொத்தமே ஐந்து ஹெலிகாப்டர்கள் கொண்ட பிரிவு அது. 1953இல் டெக்ஸாஸில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் உருவானது. கடற்கரை நகரமான நா ட்ராங்கில் இருந்த 8ஆவது கள மருத்துவமனையை ஒட்டி வந்து இறங்கினார்கள். வியட்நாமில் அதன் முதல் தளபதி கேப்டன் ஜான் டெம்பெரில்லி. வந்த நாள் முதல் அவருக்குச் சண்டை சொந்த ராணுவத்தோடு. உதிரிபாகம் கிடையாது. வெயிலில் அந்த முதல் ரக ஹியூயிகளின் எஞ்சின் திணறியது. ஆம்புலன்ஸ்களின் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர்களைக் கழற்றி ஆயுதம் பூட்டிய ஹெலிகாப்டர்களுக்குக் கொடுங்கள் என்று மேலிடம் கேட்டது. கழற்றியும் கொடுத்தார்கள். அதனால் ஆம்புலன்ஸ்கள் பறக்க முடியாமல் தரையில் நின்ற நாட்கள் உண்டு. ராணுவத்தில் ஸ்டோர் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு சின்ன சாமானைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

அடுத்து வந்தவர் மேஜர் லாயிட் ஸ்பென்சர். அவர் காலத்தில் கொஞ்சம் வலுவான பி ரக ஹியூயிகள் வந்தன. வயர்லெஸ்ஸில் கூப்பிட இந்தப் பிரிவுக்கு நிலையான பெயர் இல்லாமல் இருந்ததையும் அவர்தான் தீர்த்துவைத்தார். 1963இல் சைகோனில் கடற்படை அலுவலகத்துக்குப் போனார். யாருக்கும் ஒதுக்காத அழைப்புப் பெயர்களின் பட்டியல் அங்கே ஒரு புத்தகத்தில் இருந்தது. அதைப் புரட்டி எடுத்ததுதான் 'டஸ்ட் ஆஃப்'. கோடையில் ஹெலிகாப்டர் இறங்கினால் புழுதி, போர்வை, கூடாரத்துணி எல்லாம் பறக்கும், அதனால் பெயரும் பொருத்தமாகிவிட்டது. மற்ற பிரிவுகள் பாதுகாப்புக்காகப் பெயரை அடிக்கடி மாற்றிக்கொண்டன. இவர்கள் மாற்றவில்லை. புதிதாக வந்த சிப்பாய்க்கும் யாரைக் கூப்பிடவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே! பிற்பாடு அந்த நாட்டில் பறந்த ராணுவ ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர் ஆனது.

சரி, இனி கெல்லியைப் பற்றி.

மேஜர் சார்ல்ஸ் கெல்லி, ஜார்ஜியா மாநிலத்துக்காரர். 1964 ஜனவரி 11 அன்று, வியட்நாமில் பிரிவின் மூன்றாவது தளபதியாகப் பொறுப்பேற்றார். மார்ச் மாதம் இரண்டு ஹெலிகாப்டர்களை மீகாங் டெல்டாவில் உள்ள சோக் ட்ராங்குக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. தளபதி சைகோனில் இருந்துகொண்டு கீழே உள்ளவர்களை அனுப்பியிருக்கலாம். கெல்லி தானே கிளம்பிப் போய்விட்டார். ஜப்பானியர் காலத்து ஓடுதளம் அது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்பது டெல்டாக்காரனான எனக்கு, யாரும் சொல்லாமலே தெரியும். ஐப்பசி மழையில் எங்கள் ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் களிமண். 1974இல், எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ராத்திரி மடை திறக்கப் போன அப்பாவைப் பாம்பு கடித்தது. கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, அதில் அவரைப் படுக்க வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்கால் வரை சேறு. பெரியப்பா அரிக்கேன் விளக்கோடு முன்னால் போனார், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு இமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. அதற்கப்புறம் ஒரு லாரியை நிறுத்தக் காத்திருந்தோம். விடியும்போது அவர் இல்லை. இமை தொங்குவது நாகப்பாம்பு அல்லது கட்டுவிரியன் விஷத்தின் அடையாளம் என்பதும், மூச்சு நிற்பதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைக்க வழி இருந்தது என்பதும் பத்து வருடம் கழித்து லக்னோ வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தெரியவந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அதனால்தான் கெல்லி சோக் ட்ராங்கில் செய்த காரியத்தைப் படித்தபோது என்னால் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை. பகலில் அழைப்பு வந்தால் போவது எல்லாரும் செய்வது. ராத்திரியில் அழைப்பு வராது. ஒதுக்குப்புறமான சின்னச் சின்ன முகாம்களில் காயம்பட்டுக் கிடப்பவர்கள், இருட்டில் யார் வரப்போகிறார்கள் என்று விடியும்வரை காத்திருப்பார்கள். கெல்லி அவர்களைத் தேடிக்கொண்டு கிளம்பினார். சோக் ட்ராங்கில் ஏறி, பாக் லியூ, கா மாவ் என்று தெற்கே இறங்கி, டெல்டாவைச் சுற்றிக்கொண்டு வின் லாங் பக்கமாகத் திரும்புவார். ஒரு சுற்று ஏறக்குறைய 720 கிலோமீட்டர். ஒவ்வொரு முகாமின் மேலே போகும்போதும் வயர்லெஸ்ஸில் கேட்பார், காயம்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று. இருந்தால் கீழே யாரோ காட்டும் சின்ன வெளிச்சத்தை நம்பி இறங்குவார். சில ராத்திரிகளில் பத்துப் பதினைந்து பேரைக் கொண்டுவந்தார். அந்த மார்ச் மாதம் மட்டும் 74 மணி நேரம் இரவில் பறந்தார்கள். அந்த மாதம் பிரிவு ஏற்றிவந்த 450 பேரில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் இந்த ராத்திரிச் சுற்றில் கிடைத்தவர்கள். அவர்களில் தென்வியட்நாம் சிப்பாய்களும் ஊர்ஜனங்களும் உண்டு.

இவ்வளவு செய்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. மேலே இருந்த பிரிகேடியர் ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல், அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகப் போகும் சாலைக்கு யாருடைய பெயரோ அந்தப் பழைய ஸ்டில்வெல்லின் மகன். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்கள் சும்மா நிற்கும் நேரத்தில் வேறு வேலைக்குப் பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். சிவப்புச் சிலுவையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும், காலையில் சரக்கு ஏற்றலாம், மாலையில் நோயாளியை ஏற்றலாம். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஐந்து ஹெலிகாப்டர்களைச் சும்மா நிறுத்தி வைப்பதா? கெல்லி ஒத்துக்கொள்ளவே இல்லை. சரக்கு ஏற்றப் போன வண்டி, அடிபட்டவன் கூப்பிடும்போது பக்கத்தில் இருக்காது என்றார். தன் ஹெலிகாப்டர்கள் சும்மா நிற்கவே இல்லை என்று காட்டத்தான் ராத்திரி பகல் பாராமல் பறந்தார். அவரோடு பறந்தவர்கள் ஒரு சம்பவம் சொல்வார்கள். ஐந்து ஹெலிகாப்டர்களின் வால் எண்களையும் ஐந்து சிவப்புச் சிலுவைகளில் எழுதி ஒரு பலகையாகச் செய்து, ஸ்டில்வெல்லிடம் கெல்லி கொடுத்தாராம், இதோ நீங்கள் இவ்வளவு ஆசைப்பட்ட ஹெலிகாப்டர்கள் என்று சொல்லி.

இது ஏதோ தூரதேசத்து அதிகாரிகளின் சண்டை என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். 1989இல் நான் ஓர் இடத்தில் வேலையில் இருந்தேன். எந்த இடம், எந்த யூனிட் என்று எழுதப் போவதில்லை. எங்களிடம் ஓர் ஆம்புலன்ஸ் வண்டிதான் உண்டு. ஒரு நாள் ஏதோ விழாவுக்கு நாற்காலியும் சாமியானாவும் ஏற்றிவர அதை அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் கிணற்றில் விழுந்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கிராமத்துப் பையன், பன்னிரண்டு வயது, முதுகுத் தண்டில் அடி. வண்டி திரும்பிவர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பையன் உயிர் போகவில்லை. ஆனால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் அவன் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். வண்டி வந்ததும் சாமியானாக் கம்புகளை வெளியே எடுத்துப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாற்காலி ஏற்றிவரச் சொன்னவர் கெட்டவர் இல்லை. வண்டி சும்மா நிற்கிறதே என்றுதான் நினைத்தார்.

1964 ஜூலை 1. வின் லாங் அருகே சண்டை நடக்கும் இடத்தில் காயம்பட்டவர்களை ஏற்ற கெல்லி இறங்கினார். சுற்றிலும் துப்பாக்கிச் சூடு. கீழே இருந்த அமெரிக்க ஆலோசகர் வயர்லெஸ்ஸில், கிளம்பிப் போய்விடுங்கள் என்று கத்தினார். கெல்லி சொன்ன பதில் இது: "உங்கள் காயம்பட்டவர்கள் என் கைக்கு வந்ததும்." அடுத்த சில நொடிகளில் திறந்த கதவு வழியாக வந்த ஒரு குண்டு அவர் இதயத்தைத் துளைத்தது. ஹெலிகாப்டர் சாய்ந்து விழுந்து நொறுங்கியது.

கெல்லியிடம் வேலை கற்ற இளம் கேப்டன் பேட்ரிக் பிரேடி சோக் ட்ராங்கில் பொறுப்பேற்றார். கெல்லியைக் கொன்ற அந்தக் குண்டை ஒரு மேலதிகாரி அவர் முன் மேசையில் போட்டு, இனியாவது பறக்கும் முறையை மாற்றுவீர்களா என்று கேட்டாராம். கெல்லி கற்றுக்கொடுத்தபடியே பறப்போம் என்றார் பிரேடி. சொன்னபடி செய்தும் காட்டினார். 1968 ஜனவரி 6 அன்று, அப்போது அவர் 54ஆவது மருத்துவப் பிரிவில் இருந்தார், மலைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி, சுழலியின் காற்றாலேயே மூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு பாதையைப் பிடித்தபடி மெதுவாக உள்ளே போனார். அன்று ஒரே நாளில் மூன்று ஹெலிகாப்டர்கள் மாற்றிப் பறந்து 51 பேரைக் கொண்டுவந்தார். அந்த இயந்திரங்களில் 400க்கும் மேற்பட்ட ஓட்டைகள். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

கெல்லி இறந்த பிறகு, ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களைக் கலைக்கும் பேச்சு வலுவிழந்துபோனது. பிரிவுகள் பெருகின. 1964 முடிவில் 82ஆவது பிரிவு வந்து சோக் ட்ராங்கைப் பொறுப்பேற்றது. அதில் பிற்பாடு பறந்த மைக்கேல் நோவோசெல், இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். விமானப்படையில் லெப்டினென்ட் கர்னல். வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டுவதற்காக அந்தப் பதவியை விட்டுவிட்டுத் தரைப்படையில் வாரன்ட் ஆபீசராகச் சேர்ந்தார். 1969 அக்டோபர் 2 அன்று, 47 வயதில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே திரும்பத் திரும்ப இறங்கி 29 தென்வியட்நாம் வீரர்களை ஏற்றிவந்தார். அவர் மகனும் அதே பிரிவில் பறந்தார். 1968இல் நாடு முழுக்க 116 ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்கள் இருந்தன. போர் முடியும்வரை எட்டரை லட்சம் பேருக்கு மேல் அவற்றில் ஏறினார்கள். ஐந்தில் ஆரம்பித்தது.

விலையும் பெரிதுதான். அந்தப் போரில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டிய அதிகாரிகள் ஏறத்தாழ 1,400 பேர். எதிரியின் சூட்டில் இறந்தவர்கள் சுமார் 40, காயம்பட்டவர்கள் சுமார் 180. அதைவிட அதிகம், 48 பேர், சூடு எதுவும் இல்லாமல் விபத்தில் இறந்தார்கள். அவற்றில் பல, ராத்திரியிலும் மோசமான வானிலையிலும் நடந்தவை. காயம் பட்டவர்கள் இன்னும் 200 பேர். மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல். இந்த எண்களில் ஹெலிகாப்டரின் பின்பக்கம் இருந்த மெடிக்கும், இயந்திரத்தைப் பராமரித்துக் கூடவே பறந்த க்ரூ சீஃபும் சேரவில்லை.

அந்தப் போர் சரியானது என்று நான் சொல்ல வரவில்லை. நாபாம் என்ற தீக்குண்டை வீசிய கையும் அதே நாட்டின் கைதான். உங்கள் கட்டுரை அதைச் சொன்னது, சரியாகவே சொன்னது. ஆனால் ஒரு போரின் ஹெலிகாப்டர் கதையை எழுதும்போது கொன்ற ஹெலிகாப்டரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது அரைக் கதை.

உஸ்தாத்தின் கேள்வியை விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரே பதில் சொன்னார். முந்தின போர்களில் மோசமாக அடிபட்டவர்கள் வயலிலேயே, காட்டிலேயே செத்துப் போனார்கள். மருத்துவமனைக் கணக்கில் அவர்கள் வரவே இல்லை. வியட்நாமில் ஹெலிகாப்டர் அவர்களையும் உயிரோடு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது, பலரை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. அப்படி வந்தவர்களில் கொஞ்சம் பேர் அங்கே இறந்தார்கள், அதனால்தான் 2.6. மற்றவர்கள் பிழைத்தார்கள், அவர்கள் அந்த எண்ணில் தெரிய மாட்டார்கள். "எண் குறையாததற்குக் காரணம், முன்பெல்லாம் வராதவர்கள் வந்து சேர்ந்ததுதான்" என்றார். என் அப்பாவும் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் இல்லாதவர்.

1993 பிப்ரவரியில் நான் சியாச்சினில், 18,000 அடிக்கு மேலே ஒரு போஸ்ட்டில் இருந்தேன். 22 வயது கட்வாலிப் பையன் ஒருவனுக்கு ஹேப்போ வந்துவிட்டது, அதாவது உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உதடு நீலம், இருமினால் ரோஸ் நிற நுரை. அவனுக்கு ஆக்சிஜன் கொடுத்தேன், ஹேப்போ பையில் படுக்க வைத்துக் காற்றழுத்தம் ஏற்றினேன். ஆனால் கீழே இறக்குவதுதான் அதற்கு மருந்து. முழுசாக ஒன்றரை நாள் வானம் மூடியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. நம் ராணுவ விமானப் பிரிவின் சீட்டா ஹெலிகாப்டர் வந்தது. அந்த உயரத்தில் எஞ்சினை அணைக்கமாட்டார்கள், அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்ற உத்தரவாதம் இல்லை. எடையைக் குறைக்க வேண்டாததையெல்லாம் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். பைலட் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், ஒருவன்தான். நாங்கள் மூன்று பேர் அவனை உள்ளே தள்ளினோம், கதவைத் தட்டினோம், இரண்டு நிமிடத்தில் புள்ளியாகிவிட்டது. பையன் பிழைத்தான். எல்லாரையும் அப்படி இறக்க முடிந்ததில்லை. ஆனால் அந்த ஒன்றரை நாளும், வானம் திறந்தால் அவர்கள் வருவார்கள் என்பதில் எங்கள் போஸ்ட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தப் பையனுக்கும் இல்லை. ராத்திரி முழுக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான், வானம் தெளிந்துவிட்டதா என்று.

அந்த நம்பிக்கையை முதலில் உண்டாக்கியவர்கள் சோக் ட்ராங்கில் இருந்த அந்த இரண்டு ஹெலிகாப்டர்களின் ஆட்கள் என்பது என் எண்ணம். 1970 மார்ச்சில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் போலீஸ், சாலை விபத்தில் அடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் பால்டிமோருக்குக் கொண்டுபோக ஆரம்பித்தது. 57ஆவது பிரிவு 1973 மார்ச்சில், கடைசி அமெரிக்கப் படைகளோடு வியட்நாமை விட்டுக் கிளம்பியது. போரில் பறந்த டஸ்ட் ஆஃப் குழுக்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப்பதக்கம் அறிவிக்க 2024 ஆகிவிட்டது. பதக்கம் வாங்க வேண்டியவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் போய்விட்டார்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்தப் படக்குறிப்பு. இரண்டு, சீட்டாவிலும் சேத்தக்கிலும் பறந்து ஓய்வு பெற்ற நம் ராணுவ பைலட்களும் டெக்னீஷியன்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டு வருகிறது. உங்கள் நிருபர் ஒருவர் போய் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள், தாங்களாக எழுத மாட்டார்கள். அதற்கு இணைப்பில் இப்போது இடம் இல்லை என்றால், வருகிற ஜூலை 1 அன்று கெல்லியைப் பற்றி நான்கு வரியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், ராணுவ மருத்துவப் படை,
திருத்துறைப்பூண்டி வட்டம்.